வாகனப் பைத்தியமான பிள்ளைக்கு எந்த வீடியோவைக் காட்டலாம்?

கொழும்பு வெள்ளவத்தையில் தொடர்மாடியில் இருக்கும் ஒரு தாயின் கேள்வி இது. மகனுக்கு இரண்டே முக்கால் வயது. பஸ், ஜேசிபி, ரயில், அம்புலன்ஸ் என்றால் உயிர். அம்மம்மாவின் போனில் வாகன வீடியோ ஓடினால்தான் சாப்பிட வாய் திறக்கிறான். கொஞ்ச நாளாக விளையாட்டுக் கார்களை ஒன்றோடொன்று மோதவிட்டு "அக்சிடன்ட்" என்று கத்துகிறான். எந்த வீடியோ நல்லது, எவ்வளவு நேரம் காட்டலாம், இந்த ஆசை இயல்பானதுதானா என்று கேட்கிறார். முன்பள்ளி வயதுப் பிள்ளைகளோடுதான் என் வேலை என்பதால் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பெற்றோர் இதைக் கேட்பார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நேரடிப் பதில். ஒரு வாகனம் ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் நிதானமாகச் செய்வதைக் காட்டும் வீடியோவை எடுங்கள். மோதுவது, உடைவது, விழுவது, வெடிப்பது என்று ஓடும் வீடியோவை விட்டுவிடுங்கள். நீங்களோ அம்மம்மாவோ பக்கத்தில் இருந்து கதைத்துக்கொண்டே பாருங்கள். இந்த மூன்றையும் செய்தால் சனல் பெயர், மொழி, கார்ட்டூனா உண்மையானதா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம்.

ஆசை இயல்பானதா என்றால், ஆம், நன்றாகவே இயல்பானது. 2007இல் அமெரிக்காவின் வேர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைப் பற்றியே ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சிறு பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு ஏதாவது ஒரு பொருளில் இப்படிப்பட்ட தீவிர ஆசை இருந்தது, அதில் வாகனங்கள்தான் முன்னுக்கு நின்றன. ஆண் பிள்ளைகளிடம் அதிகம் கண்டார்கள், ஆனால் கிரேன் என்றால் துள்ளிக் குதிக்கும் பெண் பிள்ளைகளும் என்னிடம் படித்திருக்கிறார்கள், அவர்களுக்கும் இதே பதில்தான். வாகன ஆசை மட்டும் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, கண்ணைப் பார்க்காமல் இருப்பது, காட்ட விரும்பியதை விரலால் சுட்டிக் காட்டாமல் இருப்பது, இந்த வயதிலும் இரண்டு சொல் சேர்த்துக் கதைக்காமல் இருப்பது போன்றவை கூடவே இருந்தால் அது வேறு விஷயம். உங்கள் பகுதி எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் குடும்ப நல மாதுவிடமோ பிள்ளைகள் வைத்தியரிடமோ தாமதிக்காமல் காட்டுங்கள். வீடியோவை மாற்றிப் பார்ப்போம் என்று அங்கே நாட்களைக் கடத்த வேண்டாம்.

இனி நல்ல வீடியோ எப்படி இருக்கும் என்று பார்ப்போம். ஆறேழு நிமிட ஜேசிபி வீடியோ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், பாட்டு இல்லை, கமரா ஓரிடத்தில் நிற்கிறது. மண் அள்ளும் பக்கற்றின் பற்கள் இறுகிய மண்ணில் முதலில் வழுக்குகின்றன, பிறகு கொஞ்சம் கீழே அழுத்தித் தோண்டுகிறது, மண் பிளந்து வருகிறது. மேலே தூக்கும்போது இரண்டு பக்கமும் மண் கொட்டுப்படுகிறது. வண்டியின் மேற்பாகம் மட்டும் மெல்லத் திரும்புகிறது, கீழே இருக்கும் சங்கிலி அசையவில்லை. டிப்பரில் முதல் பக்கற் விழும்போது பின்பக்கம் ஒரு தரம் அமிழ்ந்து எழும்புகிறது. இன்னொன்று, இன்னொன்று, நிரம்பிவிட்டது. ஓட்டுகிறவர் ஹோர்ன் அடிக்க டிப்பர் புறப்படுகிறது. அவ்வளவுதான் முழு வீடியோவும்.

உங்களுக்கு அலுப்பாக இருக்கலாம், பிள்ளைக்கு அதில் எவ்வளவு இருக்கிறது தெரியுமா! இது நடந்ததால் அது நடந்தது என்ற தொடர்பு, முதல், அடுத்து, கடைசி என்ற ஒழுங்கு, கொஞ்சம், நிறைய, நிரம்பியது என்ற அளவுகள், அதோடு காத்திருப்பு. அடுத்த பக்கற் வரும் வரைக்கும் பிள்ளை காத்திருக்கிறான் இல்லையா, அந்தக் காத்திருப்புத்தான் இந்த வயதில் நாங்கள் வளர்க்க ஆசைப்படும் கவனம். முக்கியமான இன்னொன்று, வேலை முடிந்தால் வீடியோவும் முடிகிறது. "டிப்பர் போயிட்டுது, இனிப் போனை வைப்போம்" என்று சொல்ல உங்களுக்கு ஒரு நியாயமான இடம் கிடைக்கிறது. இரண்டு மணித்தியாலத் தொகுப்பு என்று போடுகிறார்களே, அவற்றை நான் விரும்பாததற்கு உள்ளடக்கத்தை விட இதுதான் பெரிய காரணம். அதற்கு முடிவே கிடையாது, எந்த இடத்தில் நிறுத்தினாலும் பிள்ளைக்கு அது நடுவில் பிடுங்கியதுதான், அழாமல் என்ன செய்வான்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் நல்லவை நிறைய அகப்படும். குப்பை லொறி வீட்டு வீடாக வாளிகளைத் தூக்கிக் கொட்டுவது, கொங்கிரீட் கலவை லொறி சுற்றிக்கொண்டே வந்து ஊற்றுவது, துறைமுகத்தில் கிரேன் ஒரு கொள்கலனைக் கப்பலிலிருந்து இறக்கி லொறியில் வைப்பது, பஸ்ஸைக் கழுவுவது, ரோலர் தார் வீதியை மட்டம் செய்வது, உழவு இயந்திரம் வயலில் போவது. ரயில் ஓட்டுபவரின் அறையிலிருந்து எடுத்த வீடியோக்கள் மிக நல்லவை. 2009இல் நோர்வேயின் அரச ஒளிபரப்பு நிறுவனம் பேர்கனிலிருந்து ஒஸ்லோவுக்குப் போகும் ரயிலின் முழுப் பயணத்தையும், ஏழு மணித்தியாலத்துக்கும் மேலாக, அப்படியே தொலைக்காட்சியில் காட்டியது, பெரியவர்களே இலட்சக்கணக்கில் இருந்து பார்த்தார்கள். நீங்கள் அதைப் போல ஒன்றில் பத்து நிமிடம், ஒரு ஸ்டேசனிலிருந்து அடுத்த ஸ்டேசன் வரைக்கும், காட்டினால் போதும்.

கார்ட்டூன் வாகனங்கள் வேண்டாமா என்றால், இருக்கலாம். கண்ணும் வாயும் வைத்த பஸ் ஒன்று நண்பனுக்கு உதவி செய்கிற கதை நான்கு வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே விளங்கும். மூன்று வயதுக்குக் கீழே உண்மையான வாகனமே மேல் என்பது என் அபிப்பிராயம், ஏனென்றால் வெளியே வெள்ளவத்தையின் பிரதான வீதியான காலி வீதியில் இறங்கினால் அதையே காணலாம்.

வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. 2011இல் அதே வேர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் நான்கு வயதுப் பிள்ளைகள் 60 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஒன்பது நிமிடம் வேகமான கார்ட்டூன் காட்டினார்கள், இன்னொரு பகுதியினருக்கு நிதானமான நிகழ்ச்சி, மற்றவர்களை வரைய விட்டார்கள். உடனே கொடுத்த கவனமும் பொறுமையும் தேவையான வேலைகளில் வேகமான கார்ட்டூன் பார்த்தவர்கள் பின்தங்கினார்கள். அது அந்த நேரத்துப் பாதிப்பைத்தான் காட்டியது, நிரந்தரமான கெடுதி என்று அதிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் வீடியோ முடிந்ததும் பிள்ளை ஏன் இருப்புக் கொள்ளாமல் திரிகிறான் என்று யோசிக்கும் தாய்க்கு அது போதும். எளிதான சோதனை ஒன்று: இருபது விநாடி பார்த்து, காட்சி எத்தனை தரம் மாறுகிறது என்று எண்ணுங்கள். எண்ண முடியாத அளவுக்கு மாறினால் அதை விடுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேளுங்கள். என்ஜின் சத்தம் கேட்கிறதா, அல்லது "டொயிங், பூம்" என்று ஒரே இரைச்சலா?

தவிர்க்க வேண்டியவற்றில் முதலாவது விபத்து வீடியோக்கள். கார் கமராவில் பதிந்த உண்மையான விபத்துகளின் தொகுப்பு ஒரு வகை, அவை பிள்ளைக்குரியவை அல்ல என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் உள்ளே வருவது இரண்டாவது வகை. கணினி விளையாட்டில் உருவாக்கிய கார்களும் பஸ்களும் பாலத்திலிருந்து விழுவது, வேகத் தடையில் ஏறித் துண்டு துண்டாகப் பறப்பது, ரயில் கடவையில் நிற்கும் லொறியை ரயில் அடித்துக்கொண்டு போவது. படம் பளிச்சென்று விளையாட்டுப் பொருள் போல இருப்பதால் பெரியவர்கள் கவனிப்பதில்லை. உங்கள் மகன் "அக்சிடன்ட்" என்று கத்துவது பெரும்பாலும் இங்கிருந்துதான் வந்திருக்கும். அதில் பஸ் உடைகிறது, உள்ளே ஆட்கள் இல்லை, யாருக்கும் நோகவில்லை, அடுத்த விநாடி புது பஸ் வருகிறது. நாளைக்குக் கையைப் பிடித்துக்கொண்டு காலி வீதியைக் கடக்க வேண்டிய பிள்ளைக்கு இதை விடத் தவறான பாடம் ஒன்றை யோசிக்க எனக்குத் தெரியவில்லை.

இன்னும் சில இருக்கின்றன. கார்களைச் சாயத் தொட்டியில் விழுத்தி நிறம் படிப்பிக்கிறோம் என்பவை பெரிய தீங்கு செய்யாது, ஆனால் படிப்பிப்பதும் இல்லை, நிறத்தை நீங்கள் வீதியில் படிப்பிக்கலாம். முட்டையை உடைத்து விளையாட்டுக் கார் எடுக்கும் வீடியோக்கள் கடையில் வாங்கச் சொல்லி அழ வைக்கத்தான் எடுக்கப்படுகின்றன. செயற்கை நுண்ணறிவால் தயாரித்துக் கொட்டப்படும் வீடியோக்கள் இப்போது மிக அதிகம். லொறியின் சக்கரம் நடுவில் காணாமல் போகும், ஜேசிபியின் கை வேறு பக்கத்தில் முளைக்கும். சிரித்துவிட்டு விடக்கூடிய விஷயமாக எனக்கு அது படவில்லை, உலகம் எப்படி இயங்குகிறது என்று இப்போதுதான் பிடிபடத் தொடங்கியிருக்கும் பிள்ளைக்குப் பிழையான உலகத்தைக் காட்டுகிறோம். சிறுபிள்ளைகள் தாங்களே சின்ன மோட்டார் கார் ஓட்டி உண்மையான வீதிக்கு இறங்குவது, அப்பாவின் மடியில் இருந்து ஸ்டியரிங் பிடிப்பது போன்றவற்றையும் காட்டாதீர்கள், இந்த வயதில் பார்த்ததைச் செய்துதான் பார்ப்பார்கள்.

பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன், வாகன வீடியோ தெரியாமலே வீதி ஒழுங்கையும் படிப்பிக்கிறது. இணையத்தில் வருபவற்றில் பெரும்பகுதி அமெரிக்க வீதிகள். அங்கே வாகனங்கள் வலது பக்கம் ஓடும், நம் நாட்டில் இடது பக்கம். நாங்கள் வீதியில் இறங்கும்போது முதல் வாகனம் நமது வலது கைப்பக்கத்திலிருந்துதான் வரும், ஆகவே வலது பக்கம்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கே மஞ்சள் ஸ்கூல் பஸ் நின்று சிவப்பு விளக்கைப் போட்டால் பின்னால் வரும் வாகனங்கள் நிற்க வேண்டும் என்பது சட்டம், பிள்ளை துணிந்து இறங்கி நடக்கும். இங்கே ஸ்கூல் வேனிலிருந்து இறங்கும் பிள்ளையை ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் உரசிக்கொண்டு போகும். ஆபத்தென்றால் 911 என்று பாட்டாகப் படிப்பிப்பார்கள், நம் பிள்ளை மனப்பாடம் செய்ய வேண்டியது 1990 அம்புலன்ஸ், 119 பொலிஸ், 110 தீயணைப்பு. எனவே வீதி கடப்பது பற்றிய வீடியோ காட்டுவதென்றால் வாகனம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள், இந்தியாவிலோ இங்கிலாந்திலோ எடுத்தது என்றால் பக்கமாவது பொருந்தும். மற்றதைக் கையைப் பிடித்து பாதசாரிக் கடவையில் காட்டுங்கள், வீடியோவை நம்ப வேண்டாம்.

நம் நாட்டு வீடியோ என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு காட்டவும் முடியாது. பதுளை ரயில் வீடியோக்கள் எவ்வளவு அழகு, தேயிலைத் தோட்டம், சுரங்கம், தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம். ஆனால் பாதிக்கு மேல் யாராவது ஓடும் ரயிலின் கதவில் கையை நீட்டித் தொங்கிக்கொண்டு படத்துக்கு நிற்பார்கள். அது வராததாகப் பார்த்து எடுங்கள்.

யூடியூப் பற்றி. "பிள்ளைகளுக்காகத் தயாரித்தது" என்ற அடையாளம் இருந்தால் யாரோ பார்த்துச் சரிபிழை சொல்லியிருக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பிள்ளைகளின் தரவுகளைச் சேகரித்த விஷயத்தில் 2019இல் கூகுளும் யூடியூபும் அமெரிக்காவில் 170 மில்லியன் டொலர் கட்ட உடன்பட்டன, அதன் பிறகு 2020 ஜனவரியிலிருந்துதான் தயாரிப்பாளர்கள் தங்கள் வீடியோ பிள்ளைகளுக்குரியதா என்று குறிக்க வேண்டும் என்று வந்தது. அதனால் கருத்துப் பகுதி மூடப்பட்டிருக்கும், பார்ப்பவரைப் பின்தொடரும் விளம்பரம் வராது. தரத்துக்கு அது உத்தரவாதம் இல்லை, விளம்பரமும் வரத்தான் செய்யும். 2017இல் பிரபலமான கார்ட்டூன் பாத்திரங்களை வைத்துப் பயங்கரமான காட்சிகளைப் பிள்ளைகளுக்கென்று பரப்பியது பெரிய செய்தியானது நினைவிருக்கலாம், அவற்றில் பல தொடக்கத்தில் சாதாரணமாகவே இருந்தன. அதனால் முதல் நிமிடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நடுவையும் கடைசியையும் தட்டிப் பாருங்கள்.

யூடியூப் கிட்ஸ் செயலியில் பெற்றோர் தெரிந்து கொடுத்தவை மட்டும் வரும்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது, அதைப் போடுங்கள். தேடலை நிறுத்துங்கள், தானாக அடுத்தது ஓடுவதையும் நிறுத்துங்கள். அம்மம்மாவின் போனில் இதையெல்லாம் நீங்களே ஒரு மாலை இருந்து செய்து கொடுக்க வேண்டும், அவரைக் குறை சொல்வதில் பயனில்லை. "அம்மம்மா, இந்தப் பத்துக்குள்ள எதையும் போடுங்கோ, வேற வேண்டாம்" என்று காட்டிவிட்டால் அவருக்கும் இலகு. பத்து வீடியோ போதுமா என்று கேட்பீர்கள். தாராளமாகப் போதும். இந்த வயதுப் பிள்ளைக்கு ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் இன்பம், அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லத் தொடங்கினால் அது படிப்பு நடக்கும் அடையாளம்.

நேரம் என்று பார்த்தால், உலக சுகாதார அமைப்பு 2019இல் சொன்னது இது: ஒரு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், ஒரு வயதுப் பிள்ளைக்கும் வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. டிவி, போன், டெப் எல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. நான் பெற்றோருக்குச் சொல்வது பதினைந்து நிமிடம், இரண்டு தரம். படுக்கைக்கு ஒரு மணித்தியாலம் முன்பே போனை மறைத்துவிடுங்கள்.

சாப்பாட்டு நேரத்திலிருந்து வீடியோவை எடுத்தே ஆக வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. திரையைப் பார்த்து வாய் திறக்கும் பிள்ளைக்குப் பசி எது, வயிறு நிரம்பியது எது என்று தெரியாமல் போகும், சாப்பாட்டின் ருசியும் தெரியாது. மூன்று வேளையையும் ஒரே நாளில் நிறுத்தினால் வீடு போர்க்களமாகிவிடும். முதல் கிழமை காலைச் சாப்பாட்டை மட்டும் போன் இல்லாமல் கொடுங்கள், உங்களால் முடிந்தால் பல்கனியில் அல்லது ஜன்னல் ஓரமாக வைத்து, கீழே போகும் பஸ்ஸைக் காட்டிக்கொண்டு. அது பழகியதும் பகல், பிறகு இரவு. இரண்டு மூன்று நாள் குறைவாகச் சாப்பிடுவான், மற்றபடி ஆரோக்கியமான பிள்ளை என்றால் பசி வந்தால் சாப்பிடுவான். நிறை குறைகிற பிள்ளை, சாப்பாட்டுப் பிரச்சினைக்கு ஏற்கெனவே வைத்தியம் பார்க்கும் பிள்ளை என்றால் மட்டும் வைத்தியரைக் கேட்டுச் செய்யுங்கள்.

பக்கத்தில் இருந்து பார்ப்பதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இரண்டு இரண்டரை வயதுப் பிள்ளை திரையில் கண்டதை நேரில் ஓர் ஆள் காட்டியதைப் போலக் கற்பதில்லை, இது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. நீங்கள் கதைக்கும்போதுதான் அந்த இடைவெளி குறைகிறது. அதற்குப் பாடம் நடத்தத் தேவையில்லை. "ஆ, பக்கற் நிரம்பிட்டுது. இப்ப எங்க கொட்டப் போகுது?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். அவன் விரலால் காட்டட்டும், அல்லது "லொறி" என்று ஒரு சொல் சொல்லட்டும், நீங்கள் அதை நீட்டுங்கள்: "ஓம், பெரிய சிவப்பு லொறியில கொட்டப் போகுது." பேச்சே இல்லாத வீடியோவைத்தான் நான் முதலில் தேடச் சொல்வேன், அப்போது வீட்டுத் தமிழ் முழுக்க உங்களுடையது. ஆங்கிலம் படிக்கட்டும் என்று ஆங்கில வீடியோவைப் போட்டுவிட்டு எழுந்து போனால் அவன் ஆங்கிலமும் படிக்க மாட்டான், தமிழும் வராது.

கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, வீடியோவை நீங்களே எடுக்கலாம். வெள்ளவத்தை ஸ்டேசன் மேடையில் பின்னால் தள்ளி நின்று கடலோர ரயில் வந்து நின்று ஆட்கள் ஏறி இறங்கிப் புறப்படும் வரைக்கும் இரண்டு நிமிடம் பிடியுங்கள். காலிமுகத்திடலில் நின்றால் துறைமுகக் கிரேன்கள் தூரத்தில் தெரியும். மாலையில் பாட்டோடு ஒழுங்கைக்குள் வரும், பாண் விற்கும் ஓட்டோவைப் பிடியுங்கள், 100ஆம் இலக்க பஸ் தரிப்பிடத்துக்கு வருவதைப் பிடியுங்கள். விளம்பரம் இல்லை, அடுத்த வீடியோ இல்லை, உங்கள் குரல் இருக்கிறது, அவன் குரலும் இருக்கிறது. போனில் சேமித்த அந்த இரண்டு நிமிடத்தை அவன் எத்தனை தரம் கேட்கிறான் பாருங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: படம் எடுக்கவென்று பிள்ளையோடு தண்டவாளத்தில் இறங்காதீர்கள், தண்டவாளத்தில் நடந்தும் செல்ஃபி எடுத்தும் உயிர்போன செய்தி இந்தக் கரையோரத்தில் புதிதல்ல. பிறகு ஒரு நாள் டிக்கெட் எடுத்து அடுத்த ஸ்டேசனான பம்பலப்பிட்டி வரைக்கும் கூட்டிப் போய் வாருங்கள். கண்டிப் பக்கம் போகும் பயணம் இருந்தால் கடுகண்ணாவையில் ரயில் நூதனசாலை இருக்கிறது, 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் ரயில் ஓடி 150 வருடம் நிறைந்த 2014இல் திறந்தது, பழைய என்ஜின்களைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

கடைசியாக அந்த "அக்சிடன்ட்" விளையாட்டு. கார்களை மோத விடுவது இந்த வயதில் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், அதற்கு அடிக்கவோ ஏசவோ வேண்டாம். மோதிய பிறகு கதையை நீங்கள் நீட்டுங்கள். "ஐயோ, உள்ளுக்க இருந்த ஆளுக்கு நொந்துட்டுது, 1990க்குக் கோல் எடுப்பம்." அம்புலன்ஸ் வரட்டும், ஆளை ஏற்றட்டும், மற்ற வாகனங்கள் ஓரமாகி வழி விடட்டும், இழுவை லொறி வந்து உடைந்த காரைக் கராஜுக்குக் கொண்டு போகட்டும். மோதுவதோடு முடிந்த விளையாட்டில் இப்போது நான்கு வேலை வந்துவிட்டது, அவனுக்கும் அது கூடப் பிடிக்கும். அந்த மோதல் வீடியோக்களை இன்றே போனிலிருந்து எடுத்துவிடுங்கள், பார்த்த வரலாற்றிலிருந்தும் அழியுங்கள், இல்லாவிட்டால் அதே மாதிரி வேறொன்று நாளைக்கு வந்து நிற்கும். சில கிழமைகளில் கத்தல் குறைய வேண்டும். குறையாமல் ஆட்களையும் அடிக்கத் தொடங்கினாலோ தூக்கத்தில் பயந்து எழும்பினாலோ அவனைப் பார்க்கும் வைத்தியரிடம் ஒரு தரம் சொல்லுங்கள்.